சிவந்து வருது என்றாள்

எனக்குச் சிவப்பு தெரியாது. பிறவியிலேயே அப்படி. பச்சையும் பாதிதான். இதைச் சொன்ன உடனே பக்கத்தில் கிடக்கும் எதையாவது தூக்கிக் காட்டி, "இது என்ன கலர் சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கால் வராதவனிடம் போய், எங்கே ஒரு ஓட்டம் ஓடுங்கள் பார்ப்போம் என்று கேட்பார்களா? மஞ்சள் எனக்குத் தெரியும். நீலம் தெரியும். வெளுப்பும் கறுப்பும் மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். சிவப்பு மட்டும் கரியடித்த மாதிரி கறுத்துப்போய்த் தெரியும். கறுப்பு என்று நம்பி வாங்கிய சட்டையோடு ஒரு முறை துக்க வீட்டு வாசலில் போய் நின்றேன். அது செக்கச்செவேலென்று இருந்ததாம். செத்தவரின் தம்பி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்ட நான் செய்யும் தொழில், இலையின் நிறத்துக்காகப் புதுச்செடி உருவாக்குவது. சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் முன்னால் 'ஐயா' என்பார்கள், பின்னால் 'சிடுமூஞ்சி' என்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

எங்கள் செடி முழங்கால் உயரம்தான் வரும். பூ ஒன்று பூக்கும், பார்க்கச் சகிக்காது. இலைக்காகத்தான் அதை வாங்குவார்கள். ஒரு முறை நட்டுவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். வேர்க்கட்டையைப் பிரித்துப் பிரித்து நட்டால் ஒரு செடி ஒரு தோட்டமாகும். ஓட்டல் முகப்பு, ஆஸ்பத்திரி நடைபாதை, வீட்டுச் சுவரோரம் என்று எங்கு வைத்தாலும் பிழைக்கும். பச்சையில் இருக்கிறது, பச்சையில் வெள்ளை தெளித்தது இருக்கிறது, அழுக்கு ஊதாவில் இருக்கிறது. நல்ல சிவப்பில் மட்டும் இல்லை. தொழிலில் இருக்கிற எல்லாரும் அதைத்தான் துரத்திக்கொண்டிருந்தார்கள். நானும் துரத்தினேன்.

துரத்தினேன் என்றால், நாங்கள் இருவரும். பூ வேலை என்னுடையது. விடிந்ததும், தேனீ வருவதற்கு முன்னால், நாளை மலரப்போகும் மொட்டை இடுக்கியால் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிய வேண்டும். வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டுத் தடவி, காகிதப் பை மாட்டிக் கட்ட வேண்டும். இதற்குக் கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான். நிறம் தெரிய வேண்டியதில்லை. விதை எடுப்பது, தட்டில் தூவுவது, மண், ஈரம், எல்லாம் என் பொறுப்பு. இலை வேலை என் மனைவியுடையது. இந்தச் செடியில் முதல் இரண்டு இலை பொய் சொல்லும், மூன்றாவது மழுப்பும், நாலாவது இலைதான் உண்மையைக் கக்கும். நாலாவது இலை விரிந்ததும் அவள் வெள்ளை நூல்கண்டோடு வருவாள். நூற்றுக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே நடந்து, பிடித்த நாலைந்தில் மட்டும் நூலைக் கட்டுவாள். மிச்சமெல்லாம் குப்பைக்குழிக்குப் போகும். நூல் கட்டியதை வளர்த்து, அதிலிருந்து அடுத்த பூ, அடுத்த விதை.

அவள் எதைப் பார்த்து நூல் கட்டுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நம்பினேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவனுக்கு ஒரு கை கிடைத்தால், அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேட்டுக்கொண்டா இருப்பான்?

ஒரு நாள் கேட்டேன். "சிவப்புன்னா எப்படித்தான் இருக்கும்? சொல்லேன்."

நாற்றுத்தட்டின் முன் குந்தியிருந்தவள் நிமிர்ந்தாள். "பச்சமொளகாயைத் தெரியாம கடிச்சிட்டா காதுகிட்ட சுருக்குன்னு ஒண்ணு ஏறுதில்ல, அதைக் கண்ணால பாத்தா எப்படி இருக்கும், அப்படி."

"மொளகா பச்சைங்கற, சிவப்புங்கற. ஒண்ணும் புரியல."

"உங்களுக்குப் புரிஞ்சு என்ன ஆகப்போகுது? நான் இருக்கேன்ல."

ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்பேன். "எப்படி வருது?" அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "சிவந்து வருது" என்பாள். எனக்கு என்னவோ அந்த இலைகள் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே வருகிற மாதிரிதான் இருக்கும். கடையில் விற்கும் ஊதா இலைச் செடிகள் கரிக்கட்டையாகத் தெரிய, எங்கள் செடி மட்டும் பளிச்சென்று தெரியும். கேட்டதற்கு, "அதெல்லாம் மட்டமான சிவப்பு, நம்மளுது அசல் சிவப்பு. அசல் உங்க கண்ணுக்கே தெரியுது பாருங்க" என்றாள். சரி, அசல் சிவப்பு என்பது என் கண்ணுக்கு இப்படித் தெரியும்போல என்று எடுத்துக்கொண்டேன். உலகத்தில் வேறு எவனும் இப்படி ஏமாற மாட்டான்.

அந்தச் செடிகள் இருந்த பின்பக்கக் கூடத்துக்குப் பூட்டு போட்டதும் அவள்தான். புது ரகம் ஒரு கிளை வெளியே போனாலும் நாளைக்கு ஊரெல்லாம் முளைக்கும் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெற்ற பெண்களைக்கூட உள்ளே விட்டதில்லை.

போன பருவத்தில் எங்கள் கடைசி இனக்கலப்பைச் செய்தோம். விதை தூவிய அன்று அவள் தட்டைத் தடவிப் பார்த்து, "இதுல வந்துடும்" என்றாள். அவள் அப்படிச் சொல்கிறவள் அல்ல. எப்போதும், பார்ப்போம், வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் குழி இருக்கவே இருக்கிறது என்பவள். எனக்குச் சந்தோஷத்தில் கையே ஓடவில்லை. புது ரகங்களை வாங்கிப் பெருக்கி விற்கும் கம்பெனிக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சிவப்பு இலை தயார், பருவ முடிவில் வந்து பாருங்கள் என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "எதுக்கு அவசரப்படுறீங்க?" என்றாள்.

முதல் இரண்டு இலை வந்தபோது அவளுக்குக் காய்ச்சல். மூன்றாவது இலைக்கு முன்பே போய்விட்டாள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியாது.

நாலாவது இலை விரிந்துவிட்டது. செடிக்கு என்ன தெரியும், யார் இருக்கிறார், யார் இல்லை என்று? தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்தன. இப்போது பிரித்து நடாவிட்டால் ஒன்றையொன்று அமுக்கி எல்லாமே வீணாகிவிடும். எல்லாவற்றையும் பிரித்து நட எனக்கு இடமும் இல்லை, வயதும் இல்லை. ஒன்றை எடுக்க வேண்டும். அவள் எடுத்திருக்கக்கூடிய ஒன்றை. கம்பெனிக்காரரை விடுங்கள், அவர் கெட்டார். இது நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி விதை. இதில் வந்துவிடும் என்று அவள் சொன்ன அது, இந்த நூற்றுக்கணக்கான நாற்றுகளுக்குள் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது. நான் தப்பாக ஒன்றை எடுத்து அதைக் குழியில் போட்டுவிட்டால் அவளை இரண்டாம் முறை இழந்த கணக்கு.

தினமும் காலையில் கூடத்தைத் திறப்பேன். தட்டின் முன் நிற்பேன். "எதுடி?" என்று கேட்பேன். வாயைத் திறந்தே கேட்பேன். பிறகு தண்ணீர் தெளித்துவிட்டுப் பூட்டிவிட்டு வருவேன்.

சின்னவளைக் கூப்பிட்டேன். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் என் மாதிரி, வாயைத் திறந்தால் சண்டை. சின்னவள் அம்மா மாதிரி, வாயைத் திறந்தால் கிண்டல். பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. ஒருவருக்குப் பல் செய்தால் அது பக்கத்துப் பல்லோடு ஒட்டிப்போக வேண்டுமாம். அதற்கு நிற அட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்து, வெள்ளையிலேயே மஞ்சள் ஓடின வெள்ளை, சாம்பல் ஓடின வெள்ளை என்று பிரிப்பாள். அவளைவிட நல்ல கண் எனக்கு எங்கே கிடைக்கும்? முதலில் கைப்பேசியில் நிறம் சொல்லும் ஏதோ ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். அது என் உள்ளங்கையைப் பார்த்து 'செங்கல்' என்றது. என் மனைவி உட்கார்ந்த இடத்தில் அதை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. நேரில் வா என்றேன். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒருவழியா அம்மாவோட ராஜ்ஜியத்துக்குள்ள விடுறீங்க" என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன நிக்கற? உள்ள வா. இந்தத் தட்டுதான். நல்ல சிவப்பா ஒண்ணு எடு. ஒண்ணே ஒண்ணு. உங்கம்மா எதை எடுத்திருப்பாளோ அதை."

அவள் குனிந்து பார்த்தாள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தாள். மறுபடி நடந்தாள்.

"அப்பா, இதுல சிவப்பே இல்ல."

"நல்லா பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன்."

"நிழல்ல தெரியாது. வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பாரு."

"வெளிச்சத்துக்குக் கொண்டு போனா இல்லாதது வந்துடுமா?" என்றாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். "இல்லப்பா. சும்மா சொல்லல. ஒரு துளி இல்ல."

கலப்பு கெட்டுவிட்டது, காகிதப் பைக்குள் தேனீ புகுந்துவிட்டது, விதை மாறிவிட்டது என்று என்னென்னவோ சொல்லிக் கத்தினேன். பிறகு அவளை இழுத்துக்கொண்டு உள்பக்கம் போனேன். தாய்ச்செடிகளை அங்கே தலைமுறை வாரியாக வரிசை கட்டி வைத்திருந்தோம். ஒவ்வொன்றின் கழுத்திலும் என் மனைவி கட்டிய வெள்ளை நூல் இருந்தது.

"இதைப் பாரு. இதோட பிள்ளைங்கதான் அது. இது சிவப்புதானே?"

"இல்ல."

"அதுக்கு முன்னால உள்ளது?"

"இல்லப்பா. ஓரத்துல லேசா இருக்கு, அவ்வளவுதான்." அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போய், மூலையில் இருந்த முதல் தலைமுறைச் செடியின் முன் குந்தி உட்கார்ந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல சிவப்பு இருக்கு. அழுக்குச் சிவப்புதான், ஆனா இலை முழுக்க இருக்கு. அடுத்ததுல கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. அதுக்கடுத்து இன்னும் கொறைஞ்சிருக்கு. அம்மா சிவப்பை வளக்கலப்பா. பாத்துப் பாத்து அதைக் கழிச்சிருக்காங்க."

நான் கவிழ்த்து வைத்த தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். அப்போது வந்த கோபத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். செத்துப்போனவள் மேல் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்கூடப் பரவாயில்லை, ஆரம்பத்திலிருந்தே குரங்கைத்தான் பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் சிவந்து வருது, சிவந்து வருது என்று என் மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள். விடியலில் எழுந்து எழுந்து கிள்ளிய மொட்டெல்லாம் எதற்கு? "கண்ணு தெரியாதவன்தானேன்னு விளையாடியிருக்கா உங்கம்மா" என்றேன். "என் பொழப்பை வச்சு விளையாடியிருக்கா."

சின்னவள் எழுந்து தட்டுக்குப் போனாள். கடைசித் தலைமுறை நாற்று ஒன்றை மண்ணோடு பிடுங்கி எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள்.

"உங்களுக்கு இது எப்படித் தெரியுது?"

"கேக்காதே. இந்த விளையாட்டே எனக்குப் பிடிக்காது."

"விளையாடல. சொல்லுங்க. பல்லுக்குக் கலர் பாக்குறவ கேக்குறேன்."

வேண்டாவெறுப்பாகப் பார்த்தேன். "வெளுத்த மஞ்சளா இருக்கு. காஞ்ச வைக்கோல்ல பால் தெளிச்ச மாதிரி. நடு நரம்பு கருநீலம். அதுலேர்ந்து சின்னச் சின்ன நரம்பா நீலம் பிரிஞ்சு ஓரம்வரைக்கும் ஓடுது. ஓரத்துல மறுபடி வெளுப்பு. போதுமா?"

அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"எனக்கும் அதேதாம்பா தெரியுது" என்றாள். "அப்படியே அதேதான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. என் அறுபத்தைந்து வயதில் யாரும் என்னிடம் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஒரு பூவை, ஒரு துணியை, சாயங்கால வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவது வேறு, எனக்குத் தெரிவது வேறு. மற்றவர்களுக்குக் கிடைத்த சாப்பாட்டில் ஒரு கறி எனக்கு மட்டும் பரிமாறப்படவில்லை என்று தெரிந்தே சாப்பிட்டுப் பழகியவன் நான். இந்த இலையில் எனக்கு எதுவும் குறையவில்லை. இருப்பது மொத்தமும் தெரிகிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நூல் கட்டும் நாளில் அவள் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வாள். பேச்சோடு பேச்சாக, "இந்தக் கூட்டத்துல உங்க கண்ணுக்கு எது எடுப்பா இருக்கு?" என்று கேட்பாள். எனக்கென்ன தெரியும் என்று சலித்துக்கொண்டே நாலைந்தைக் காட்டுவேன். "ம்க்கும்" என்று சிரித்துவிட்டு என்னைத் தண்ணீர்க் குழாயை மூடிவரச் சொல்லி அனுப்புவாள். நான் திரும்பி வரும்போது நூல் கட்டி முடித்திருப்பாள். எதில் கட்டினாள் என்று நான் ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை. நான் காட்டியது தப்பு என்றே நினைத்திருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஊரே சிவப்பைத் துரத்தும்போது எனக்கு மட்டும் பிச்சை போடுகிறாயா என்று தட்டையெல்லாம் தூக்கிக் கடாசியிருப்பேன். என் மனைவிக்கு என்னைத் தெரியும்.

மத்தியானம் கம்பெனிக்காரரே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வரலாமா என்றார். சிவப்பு இல்லை என்றேன். "என்னங்க, தயார்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். சொன்னேன், இல்லை என்றேன். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். வெளுப்பும் நீலமுமாக ஒன்று இருக்கிறது என்றேன். அதற்கெல்லாம் இப்போது கிராக்கி இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் திருப்பிக் கூப்பிட்டு நாலு வாங்கு வாங்கியிருப்பேன். கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன்.

சின்னவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "நீங்களே எடுங்க."

எடுத்தேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு நாற்றின் நாலாவது இலையையும் விரலில் ஏந்திப் பார்த்தேன். நீலம் பாதியில் நின்றுபோனவை, வெளுப்பு அழுக்கானவை, இலை சுருண்டவை என்று எல்லாவற்றையும் ஒதுக்கினேன். யாரையும் கேட்காமல் நானே ஒதுக்கினேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் வெளுப்பு அழகு. மற்றதில் நீலம் நரம்பு நரம்பாக ஓரம்வரை ஓடிப்போய்த் தொட்டது. இரண்டாவதைக் காட்டி, "இது" என்றேன்.

"நிச்சயமாவா?" என்றாள் சின்னவள்.

"நிச்சயமா."

என் மனைவி எடுத்திருக்கக்கூடியதை எடுக்க வேண்டும் என்று இத்தனை நாள் தவித்தேன். இப்போது அந்தக் கவலை இல்லை. நான் எதைக் காட்டியிருந்தாலும் அவள் அதில்தான் கட்டியிருப்பாள். அது தெரிந்தபின் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. முன்னைவிட அதிகமாக அவள் வேண்டும் என்று இருந்தது. இந்த நிமிஷம், இந்த மேசைக்கு அந்தப் பக்கம், இதே இலையைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்க வேண்டும் என்று இருந்தது. பெண் பக்கத்தில் நிற்கிறாள் என்றும் பார்க்காமல் அழுதேன். அவள் தடுக்கவில்லை.

இத்தனை வருஷமும் இந்தக் கூடத்தில் தோளோடு தோள் உரசிக் குனிந்து நின்றோம். ஒரே இலையைத்தான் பார்த்தோம். அவளுக்குத் தெரிந்தது முழுக்க எனக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கோ, அவள் எதையோ பார்க்கிறாள், எனக்கு அது இல்லை என்ற ஏக்கம். அந்த ஏக்கத்திலேயே பாதி நேரம் இலையைச் சரியாகப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஏண்டி, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா" என்றேன், காலி இடத்தைப் பார்த்து. "நானும் உன்னோட சேர்ந்து பாத்திருப்பேனே."